வரைவதற்கு நல்ல மாதங்களில் எனக்கு நேரமில்லை: நீண்டகாலத் திட்டத்தை எப்படிப் போடுவது?

கேள்வி: ஈரத்தாள் (வெள்ளவத்தை)

வணக்கம். எனக்கு நாற்பத்தொரு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் அம்மாவோடு வசிக்கிறேன். ஆடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மற்ற நேரத்தில் நீர்வண்ண ஓவியம் வரைகிறேன். என் கேள்வி அந்த "மற்ற நேரத்தை"ப் பற்றியது.

பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் ஒரு சீ.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் என் குறிக்கோள்களை எழுதிவருகிறேன். போன கிழமை அந்தப் பதினொரு பக்கங்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே நான்கு வரிகள். ஆண்டுக்கு ஐம்பது ஓவியங்கள். ஐந்து ஆண்டுகளில் ஒரு தனிக் கண்காட்சி. கலா பொலவில் என் படங்களோடு ஒரு நாள். கொழும்பின் மரங்களைப் பற்றி ஒரு நூல். எந்த ஆண்டிலும் பதினேழு ஓவியங்களுக்கு மேல் போனதில்லை.

கலா பொலவை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில் ஓவியர்கள் தங்கள் படங்களை வேலியோரம் சாய்த்துவைத்து விற்கும் திறந்தவெளிச் சந்தை அது. 1993இல் தொடங்கியது. வழக்கமாக ஆண்டின் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் வரும். ஒவ்வொரு முறையும் அங்கே போகிறேன். மரநிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓவியரையும், அவர் பின்னால் வரிசையாக நிற்கும் படங்களையும் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது எனக்கு ஒரு கிழமைக்கு உறக்கம் சரியாக வருவதில்லை.

ஏன் முடியவில்லை என்று நேர்மையாகக் கணக்குப் பார்த்தேன். கணக்குத்தானே என் தொழில். கொழும்பில் வரைவதற்கு மிக நல்ல காலம் ஜனவரியும் பெப்ரவரியும். வானம் தெளிந்திருக்கும், காற்றில் ஈரம் குறைந்திருக்கும், கடல் கண்ணாடிபோலக் கிடக்கும். பூசிய வண்ணம் நாம் எதிர்பார்க்கும் நேரத்தில் காயும். ஆனால் எங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஜனவரி நடுவிலிருந்து இரவு எட்டு மணிக்கு முன் அலுவலகத்தை விட்டு வெளியேற முடியாது. ஏப்ரலில் கணக்காய்வாளர்கள் வருவார்கள். இடையில் சித்திரைப் புத்தாண்டு, அம்மாவை யாழ்ப்பாணம் கூட்டிச் செல்ல வேண்டும். மூச்சு விட்டு நிமிரும்போது மே மாதம், செப்டெம்பர் வரை மழை. ஒக்டோபர், நவம்பரில் மறுபடி மழை. அப்போது தாளில் வைத்த வண்ணம் அரைமணி நேரமானாலும் காயாது, ஒன்றோடொன்று கலந்து ஓடிவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்னொரு அடி விழுந்தது. கடற்பக்கச் சுவரை ஒட்டிய அலுமாரியில் வைத்திருந்த படங்களில் இருபத்துமூன்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. முதலில் மிளகளவு பழுப்புப் புள்ளிகள், பிறகு அவை பரவத் தொடங்கின. நல்ல பருத்தித் தாள், ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்து வாங்கியது. அன்றிரவு அம்மா ஒன்றும் பேசாமல் ஒரு துணியால் அலுமாரித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பருவத்தோடு இசைந்து வாழ்வது, அதற்கேற்பக் குறிக்கோள் வைப்பது பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதுகிறார்கள், காணொளிகளும் போடுகிறார்கள். வசந்தத்தில் தொடங்கு, கோடையில் பெருக்கு, இலையுதிர்காலத்தில் அறுவடை செய், பனிக்காலத்தில் ஓய்ந்திரு என்பார்கள். வாசிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் இங்கே பனி எங்கே? அம்மாவிடம் வேறொரு நாட்காட்டி இருக்கிறது: ஆடிப்பிறப்புக்குக் கூழ், ஆவணியில் பனங்காய், மார்கழி தையில் பனங்கிழங்கு. எங்கள் பெருவீதியான காலி வீதியின் கடைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து என்ன வந்து இறங்குகிறது என்பதைப் பார்த்தே அவர் மாதத்தைச் சொல்லிவிடுவார். அதுவும் இந்த ஊரின் நாட்காட்டி அல்ல, அவர் விட்டுவந்த ஊரின் நாட்காட்டி.

எனக்கு ஊக்கமூட்டும் பொன்மொழிகள் வேண்டாம். வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டே பத்து, இருபது ஆண்டுகளாக ஏதோ ஒன்றை உருவாக்கிவருபவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் ஆண்டை எப்படி வகுக்கிறீர்கள்? எந்த மாதத்தில் எதை வைக்கிறீர்கள்? அதைத்தான் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: ஒரு வரி நாட்குறிப்பு (கொட்டாஞ்சேனை)

மகளுக்கு வணக்கம். புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். முதலில் மழையைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் திட்டமே அதன்மேல்தான் நிற்கிறது.

மே தொடங்கியதும் செப்டெம்பர் வரை எல்லாம் மழைக்காலம் என்று ஒரே கோடாகப் போட்டுவிட்டீர்கள். பாடநூலில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் மே முதல் செப்டெம்பர் வரை என்றுதான் இருக்கும், அது சரி. ஆனால் அந்த ஐந்து மாதங்களும் கொழும்பில் ஒன்றுபோல் பெய்வதில்லை. நீண்டகாலச் சராசரியில் மே மாதமும் நவம்பரும் 400 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மே மாதத்தின் மூன்றிலொரு பங்கு அளவே பெய்யும். ஜனவரியில் 60 மில்லிமீட்டர் அளவு. ஆக, நம் ஊருக்கு ஆண்டில் இரண்டு மழை உச்சங்கள், அவற்றுக்கிடையே இரண்டு தணிந்த காலங்கள். ஜனவரி பெப்ரவரி ஒன்று. ஜூலை ஆகஸ்ட் மற்றொன்று. இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை, காரணம் அப்போது காற்று பலமாக வீசும், கடல் கொந்தளிக்கும், வானம் சாம்பல் பூத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு மழைக்காலம் என்று யன்னலைச் சாத்திவிடுகிறோம்.

நம் இலக்கணம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளையும் இந்த ஊரோடு பொருத்திப் பார்த்திருக்கிறேன். கார் ஆவணியும் புரட்டாதியும், கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும், முன்பனி மார்கழியும் தையும், பின்பனி மாசியும் பங்குனியும், இளவேனில் சித்திரையும் வைகாசியும், முதுவேனில் ஆனியும் ஆடியும். ஐப்பசி கார்த்திகை ஓரளவு ஒத்துவரும். இளவேனில் என்று சொல்லப்படும் வைகாசியில் கொழும்பின் தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த ஆண்டுகள் உண்டு. முதுவேனிலில் கடற்காற்று நம் குடையைப் பிடுங்கும். இலக்கணத்தில் பிழையில்லை, அது வேறு நிலத்துக்காக வகுத்தது. நமக்கு நாமேதான் வகுத்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்வது மிக எளிது. பத்தொன்பது ஆண்டுகளாக ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதுகிறேன். பங்குனியில் முதல் குயில் கூவிய நாள். கடல் நீலத்திலிருந்து பழுப்புக்கு மாறிய நாள். எங்கள் வீதி முனையில் ஒரு கொட்டம்பா மரம் நிற்கிறது, நூல்களில் நாட்டு வாதுமை என்பார்கள். அதன் இலைகள் குங்குமச் சிவப்பாக மாறி உதிரும், ஆண்டுக்கு இரண்டு முறைகூட. கொழும்பில் இலையுதிர்காலம் இல்லை என்று யார் சொன்னாலும் அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போவேன். மூன்றாம் ஆண்டு அந்த வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் ஊரின் பருவங்கள் எனக்குத் தெரியவந்தன. கற்பித்த முப்பது ஆண்டுகளில் தெரியவில்லை, அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஜனவரி முதலாம் திகதியை விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஆண்டு தொடங்கும் நாள் எது என்று தேடுங்கள். கணக்காய்வாளர்கள் வெளியேறும் நாளாகவும் இருக்கலாம்.

பதில் 2: ஊசிநூல் (தெஹிவளை)

தங்கச்சி, நான் சாரிச் சட்டை தைப்பவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக வீட்டு முன்னறையில்தான் தையல். என் ஆண்டை வானம் வகுப்பதில்லை, முகூர்த்தம் வகுக்கிறது. தையில் கல்யாணம், மாசி பங்குனியில் கல்யாணம், சித்திரைக்குப் புது உடுப்பு, வைகாசி ஆனியில் மறுபடி கல்யாணம். ஆவணியில் குவியும். பிறகு தீபாவளி. தீபாவளிக்கு முந்திய இருபது நாட்களில் நான் யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆடியில் ஒன்றும் இல்லை. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆடிவேல் திருவிழா பார்க்கப் போகும் யாராவது ஒன்றிரண்டு சட்டை கொடுப்பார்கள், அவ்வளவுதான். பல ஆண்டுகள் ஆடி பிறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வாடகைக்கு என்ன செய்வது, கடைக்கடனை எப்படி அடைப்பது என்றே அந்த மாதம் கழியும்.

2016 ஆடியில் வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளை எறிவதற்காக ஒரு சாக்கில் கட்டினேன். கட்டிவிட்டு எறிய மனமில்லாமல் தரையில் கொட்டினேன். காஞ்சிபுரம் பட்டுத்துண்டு, பனாரஸ், சிந்தெட்டிக், பருத்தி எல்லாம் கலந்து கிடந்தன. அவற்றை வைத்து ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தொடங்கி ஆடி முடிவதற்குள் முடித்தேன். அடுத்த ஆடியிலும் ஒன்று. அப்போது எனக்குள்ளே ஒரு சட்டம் போட்டேன்: அந்தந்த ஆண்டு என் கத்தரிக்கோலுக்குக் கீழே வந்த துணி மட்டுமே அந்தப் போர்வைக்குள் போக வேண்டும்.

அதனால் ஒவ்வொரு போர்வையும் அந்த ஆண்டைச் சொல்லும். 2020 போர்வை ஒரு குழந்தைக்குத்தான் காணும். ஊரடங்கில் கல்யாணங்கள் இல்லை, நான் தைத்ததெல்லாம் முகக்கவசம், அந்தப் பருத்தித் துண்டுகளே அதில் நிறைய. 2022இல் மணிக்கணக்கில் மின்வெட்டு. மோட்டாரை எடுத்துவிட்டு மாமியாரின் பழைய கால்மிதி இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் விட்டேன். அந்தப் போர்வையின் தையல் மற்றவற்றைவிட நேராக இருக்கிறது. பத்தாவது போர்வையைப் போன சனிக்கிழமை, ஆடி கடைசி நாள் பின்னேரம் மடித்து வைத்தேன். இருபது ஆடி வரை தைக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்போது எனக்கு அறுபத்துநான்கு வயது. விற்கவில்லை, கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் ஐம்பது படம் என்று எழுதுகிறீர்கள். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. நான் "ஆண்டுக்கு ஒன்று, ஆடியில்" என்றுதான் வைத்தேன். அந்த ஒன்றைத் தவறவிட்டதில்லை. உங்கள் சம்பள வேலை உங்களைக் கைவிடும் மாதம் எது, அதைத் தேடுங்கள். ஜனவரி பெப்ரவரி உங்களுடையது அல்ல. அது அலுவலகத்துடையது, பதினாறு ஆண்டுகளாகக் கொடுத்துவிட்டீர்கள். கொடுத்ததைத் திரும்பத் திரும்பப் பட்டியலில் எழுதினால் மனம்தான் நோகும்.

பூஞ்சணத்துக்கு: வெளிச்சுவரை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். நான் பட்டுத்துணியை இரும்புப் பெட்டியில், நிலத்திலிருந்து உயர்த்தி, உள்சுவர்ப் பக்கம் வைக்கிறேன். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அயலில் எல்லோரிடமும் கேட்டு வாங்குவேன். மாசியில் ஒரு காய்ந்த நாளாகப் பார்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுவேன். படத்தை வெயிலில் வைத்துவிடாதீர்கள், நிறம் போய்விடும்.

ஈரத்தாள்

அக்கா, "கொடுத்ததைத் திரும்பப் பட்டியலில் எழுதுவது" என்ற இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பல்கனியில் போய் நின்றேன். பதினொரு ஆண்டுகளாக நான் செய்தது அதுதான். ஐயா, ஜூலை ஆகஸ்ட் பற்றி நீங்கள் சொன்னதும் சரியே. இன்று ஆகஸ்ட் இருபது. யன்னலைத் திறந்து பார்க்கிறேன், மழை இல்லை. காற்றுத்தான் வீசுகிறது.

பதில் 3: மொட்டைமாடி (மாளிகாவத்தை)

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரி. எனக்கு உங்கள் எல்லோரையும்விட வேறு விதமான ஆண்டு. புறக்கோட்டையில் ஒரு வன்பொருள் கடையில் விற்பனை பார்க்கிறேன். படம் எடுப்பது என் ஆசை.

2015 நோன்பில், முதல் நாள் நோன்பு திறக்கும் நேரத்தில், எங்கள் மொட்டைமாடியிலிருந்து மேற்கு வானத்தை ஒரு படம் எடுத்தேன். பாங்கு ஒலிக்கத் தொடங்கியதும் ஒரே ஒரு படம். எடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் பேரீச்சம்பழத்தையும் கஞ்சியையும் எடுப்பேன். அந்த மாதம் முழுவதும் அப்படியே செய்தேன். மறு ஆண்டும் செய்தேன். அதே மூலை, அதே உயரம், பக்கத்துத் தண்ணீர்த் தாங்கி எப்போதும் இடப்பக்க ஓரத்தில்.

நோன்பு ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய பதினொரு நாட்கள் முன்னால் நகரும், சந்திர ஆண்டு அவ்வளவு குறுகியது. நான் தொடங்கியபோது ஜூன் நடுவைத் தாண்டி வந்தது. 2025இல் மார்ச் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆக, என் படங்கள் கொழும்பு வானத்தின் ஒவ்வொரு காலத்துக்குள்ளும் மெல்ல நுழைந்து போகின்றன. ஜூன் படங்களில் மேகம் மூடிய சாம்பல். ஏப்ரல் படங்களில் இடிமுழக்கத்துக்கு முந்திய செம்பு நிறம். இனி ஜனவரியின் தெளிந்த வானம் வரும், அதற்குப் பிறகு நவம்பர் மழை. இந்தச் சுற்று முடிந்து ஜூன் நடுவுக்குத் திரும்ப முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகும். 2048. அப்போது எனக்கு அறுபது வயது, இன்ஷா அல்லாஹ்.

இதை நான் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. நான்காம் ஆண்டில்தான் இந்த முப்பத்துமூன்று ஆண்டுக் கணக்கு புரிந்தது. புரிந்த அன்று என் மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "நீங்கள் சுகமில்லாமல் கிடந்தால் யார் எடுப்பது?" இப்போது மகனுக்கும் அந்த மூலையைக் காட்டி வைத்திருக்கிறேன். அவனுக்கு ஒன்பது வயது. இரண்டு நாட்கள் எனக்குக் காய்ச்சலாக இருந்தபோது அவன்தான் எடுத்தான். அவன் உயரம் குறைவு, அந்த இரண்டு படங்களில் மட்டும் தண்ணீர்த் தாங்கி பெரிதாகத் தெரியும். அவற்றை அப்படியே வைத்திருக்கிறேன்.

சகோதரி ஓவியத்தில் எதைச் செய்வார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் எனக்குச் சலிப்பு வந்ததில்லை. கண்காட்சி பற்றிய ஆசை உண்டு. 2048க்கு முன்னால் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

பதில் 4: அச்சுக்கூடம் (கிராண்ட்பாஸ்)

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள். எனக்கு ஓர் இடத்தில் உடன்பாடில்லை, அதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

அச்சகத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்கு இப்போதே அடுத்த ஆண்டு தொடங்கிவிட்டது, நாட்காட்டி வேலைகள் வரத் தொடங்கிவிட்டன. செப்டெம்பரிலிருந்து டிசெம்பர் வரை இயந்திரம் நிற்காது. எனக்கும் பருவம் தெரியும், காத்திருக்கவும் தெரியும். காத்திருந்ததுதான் என் பிழை.

நான் கவிதை எழுதுகிறேன். அப்பா அச்சுக்கோப்பவராக இருந்தவர், ஈய எழுத்துகளைக் கையால் எடுத்து அடுக்கிய காலத்து ஆள். என் கவிதைகளை நூலாக்க வேண்டும் என்று அவர் பல முறை கேட்டார். நான் ஒவ்வொரு தையிலும் பத்துக் கவிதை சேர்ப்பேன், நூறு வந்ததும் போடுவேன் என்றேன். நல்ல திட்டம். தவறாமல் செய்தேன். எழுபதில் நிற்கும்போது அப்பா போய்விட்டார். நூறும் வந்து, நூலும் வந்தது. முதல் படியைக் கையில் எடுத்தபோது எழுத்துரு சரியா, வரி இடைவெளி சரியா என்று கேட்க ஆள் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

பத்து ஆண்டு, இருபது ஆண்டு, முப்பத்துமூன்று ஆண்டு என்று வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் யாருக்குக் காட்ட வேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு செய்கிறீர்களோ அவருடைய வயதையும் கணக்கில் எடுங்கள். எழுபதையே ஒரு நூலாகப் போட்டிருக்கலாம். நாற்பதைப் போட்டிருக்கலாம். பதினாறு பக்கத்தில் ஒரு சிறு நூல் போட ஒரு தாள் போதும், ஒரு பின்னேர வேலை. அது எனக்குத் தெரியாததா?

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என்ன வயது?

ஊசிநூல்

தம்பி, உங்கள் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். இதுவரை போர்வைகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்று 2017 போர்வையை எடுத்து என் அம்மாவின் கட்டிலில் விரித்துவிட்டேன்.

ஈரத்தாள்

அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது.

பதில் எழுத நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டேன், மன்னிக்க வேண்டும். இடையில் இரண்டு மாலைகள் மரைன் டிரைவில் போய் நின்று பார்த்தேன். ரயில் பாதைக்கு அப்பால் கற்களில் அலை அடித்து எழும்புகிறது. ஆறு மணி ரயில் போகும்போது உப்புச்சாரல் பெட்டி யன்னல்கள்மேல் விழுகிறது. கடல் நீலமாக இல்லை. கரையருகே தேநீர் நிறம், அப்பால் பாசிபிடித்த பச்சை, அதற்கும் அப்பால் ஈயம். வானத்துக்கும் நீருக்கும் நடுவே கோடு இல்லை, ஒன்று மற்றொன்றுக்குள் ஊறியிருக்கிறது. இருபது ஆண்டுகளாக இதன் பக்கத்தில் குடியிருக்கிறேன். ஒரு முறையும் இதை வரைந்ததில்லை. வரைந்த கடல் எல்லாம் பெப்ரவரிக் கடல், அதுவும் பாதி நினைவிலிருந்து.

நேற்றுக் காலை பல்கனிக் கதவைத் திறந்துவைத்து, தாளை இரண்டு பக்கமும் நனைத்து, பலகையில் ஒட்டினேன். ஈரக்காற்றில் தாள் நாற்பது நிமிடங்கள் காயாமல் இருந்தது. நான் இத்தனை நாளும் நொந்துகொண்டது அந்தக் காயாமையைத்தான். இண்டிகோ நீலத்தை ஒரு பக்கம் வைத்தேன், கறுப்புப் பழுப்பை மறுபக்கம் வைத்தேன். அவை தாமே நகர்ந்து சந்தித்தன. பெப்ரவரியில் இதைச் செய்யவே முடியாது, வண்ணம் ஓரத்துக்குப் போவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். இந்தக் கடலுக்கு இந்தக் காற்றுத்தான் வேண்டும்.

ஆகவே பழைய நான்கு வரிகளை அடித்துவிட்டேன். புதிதாக எழுதியிருப்பது இது.

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிவு வரை என் காலம். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பத்துப் பதினொரு கிழமைகளில், அதே பல்கனியிலிருந்தும் கொட்டம்பா மரம் நிற்கும் ரயில்பாதை வளைவிலிருந்தும், தென்மேற்குக் காற்றுக் கடலை வரைவேன். ஞாயிறுக்கு ஒன்று, பத்துப் படங்கள். பத்து ஆண்டுகள் செய்வேன். இந்த ஆண்டு மிஞ்சியிருப்பது இரண்டு ஞாயிறுகள், இரண்டு படங்கள். அடுத்த ஆண்டிலிருந்து முழுக் கணக்கு. முடியும்போது எனக்கு ஐம்பத்தொன்று. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ஒரு நாளைக்கு ஒரு வரி மட்டும், ஐயாவைப் போல. காலை பஸ்ஸிலேயே எழுதிவிடலாம். மாசியில் ஒரு நாள் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் காற்றாட விடுவேன். ஒக்டோபர், நவம்பரில் ஒன்றும் வைக்கவில்லை. மரங்களைப் பற்றிய நூல் இந்தப் பத்து ஆண்டுகளுக்குள் இல்லை. அதை அடிக்கும்போது கை நடுங்கியது, ஆனாலும் அடித்துவிட்டேன். கலா பொலவுக்கு ஐந்தாம் ஆண்டு முடிவில் விண்ணப்பிப்பேன். அப்போது என்னிடம் ஒரே கடலின் ஐம்பது முகங்களாவது இருக்கும்.

அச்சுக்கூடத் தம்பிக்கு: நீங்கள் கேட்ட அந்த ஒரு வரிக்காக ஐந்தாவதாக ஒன்றை எழுதினேன். வருகிற தைப்பொங்கலுக்குள் அம்மாவுக்காகப் பன்னிரண்டு சிறிய படங்கள். கடல் அல்ல, அவருடைய நாட்காட்டி. பனங்காய், கூழுக்கு அம்மா வைத்திருக்கும் பழைய பித்தளைச் சட்டி, புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய்ச் சுட்டி, கார்த்திகை விளக்கு, பனங்கிழங்குக் கட்டு. இவை மேசையில் வைத்து இரவில் வரையக்கூடியவை, வானம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் சொன்ன பதினாறு பக்கச் சிறு நூலுக்குப் பன்னிரண்டு படங்களும் முன்பின் அட்டைகளும் சரியாக வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கார்த்திகை முடிவதற்குள் படங்களைத் தந்தால் உங்கள் நாட்காட்டி நெருக்கடியில் ஒரு பின்னேரம் கிடைக்குமா? கூலியைச் சொல்லுங்கள், முழுவதும் தருவேன்.

அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. இன்று காலை காலி வீதிக் கடையில் இரண்டு பனங்காய் வாங்கி வந்து, பணியாரத்துக்கு என்று மேசையில் வைத்திருக்கிறார். ஒன்றை நாளைவரை பிழிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டார். நிறம் நன்றாக இருக்கிறது என்றேன். எடுத்து, துடைத்து, விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அச்சுக்கூடம்

கார்த்திகை இருபதுக்குள் கொண்டு வாருங்கள், அக்கா. ஒரு ஞாயிறு பின்னேரம் இயந்திரத்தை உங்களுக்காக வைத்திருப்பேன். தாளுக்கான விலை மட்டும் போதும்.